வறுமையும் குழந்தை நலமும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களை முன்னிட்டுச் சில செய்திகள்

கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரம் வழியாக வடநாடு செல்லும் ரயில் வண்டியில் பயணம் செய்த நேயர்கள், குழித்துறையைக் கடந்த சிறிது நேரத்திற்கெல்லாம் பாறசாலை என்னும் நிலையத்தைக் கண்டிருப்பார்கள். தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குமிடம் அது. அடுத்து வரும் பெரிய ஊர் நெய்யாற்றின்கரை. இவ்வூர்களைச் சுற்றிலும் தென்னையும் மரச்சீனியும் வாழையும் நிறைந்த சிற்றூர்கள். மேற்கே பொழியூர், பூவாறு முதலான மீனவர் குடியிருப்புகள். வடக்கே தறிக்குப் பேர்போன பலராமபுரம். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் இங்கே பல உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு, கல்குளம் முதலிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தின்மேல் விழுந்ததேயன்றி உறவின்மேல் விழவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், மருத்துவமனைக்குப் போவதும் இன்றும் இருபுறமும் நடைபெறுகின்றன.

தாயகத்தை விட்டு வெளிமாநிலங்களில் தொழில் செய்து பிழைக்கும் தமிழ் மக்களுக்கு இவ்வூர்களின் வரலாறு ஏன் தேவை என்று கேட்கலாம். வறுமை ஒரு குழந்தையின் உடலுக்குள் எவ்வழியாக நுழைகின்றது, மருத்துவர் அதனை எவ்வளவு தூரம் தடுக்க இயலும் என்னும் இரு கேள்விகளுக்கும் இந்தச் சிறு நிலப்பரப்பில் கண்கூடான விடை இருக்கின்றது. ஆகையால்தான் இதனை எடுத்துக்கொண்டோம்.

முதலில் மண்ணிலிருந்தே தொடங்குவோம். 1920களின் இறுதியில் திருவிதாங்கூர் அரசின் அழைப்பின்பேரில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனத்தைச் சார்ந்த டாக்டர் ஜேகாக்ஸ் என்பவர் இந்நாட்டுக்கு வந்தார். அவர் ஆராய்ந்த நோய்களுள் தலையாயது கொக்கிப்புழு நோய். ஈரப்பதமும் நிழலும் மிகுந்த மண், செருப்பில்லாத கால், கழிப்பிடமில்லாத வீடு ஆகிய மூன்றும் கூடிய இடமெல்லாம் இப்புழுவின் ஆட்சி நடந்தது. ஏழை உழவர் மக்களுள் பெரும்பாலோர் வயிற்றில் அது குடியிருந்தது. இதன் தொடர்ச்சியாக 1930களின் தொடக்கத்தில் நெய்யாற்றின்கரையில் ஒரு சுகாதார நிலையம் மாதிரியாக நிறுவப்பெற்றது. இந்தியாவில் அந்நாளில் தோன்றிய இத்தகைய நிலையங்களுள் இது முன்னோடிகளுள் ஒன்று. நோயாளி வரட்டும் என்று மருத்துவமனையில் காத்திராமல், வரையறுத்த ஒரு மக்கள்தொகைக்கு ஒரு மருத்துவ அதிகாரியும் சுகாதார ஆய்வாளர்களும் தாதிகளும் பொறுப்பேற்று வீடுவீடாகச் செல்வது என்பதே அதன் அடிப்படை. இன்றைய ஆரம்பச் சுகாதார நிலையத்தின் கரு அதுவே எனலாம்.

கொக்கிப்புழு செய்யும் கேட்டைச் சற்று விரித்துரைப்பது பயனுடையது. மலத்தோடு வெளிப்படும் முட்டை ஈரமண்ணில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத சிறு புழுவாகின்றது. வெறுங்காலோடு நடக்கும் குழந்தையின் கால்விரல் இடுக்கில் அது தோலைத் துளைத்து உட்புகும். அங்கே சிறிது அரிப்பு உண்டாகும். தாய் அதனைச் சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சளைப் பூசுவாள். புழுவோ குருதியோடு கலந்து நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சேர்ந்துவிடும். அங்கே குடற்சுவரைக் கவ்விப் பல ஆண்டுகள் வாழும். ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சும் இரத்தம் ஒரு துளிக்கும் குறைவே. ஆனால் புழுக்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தால், நல்ல உணவு உண்ணும் குழந்தையே வெளிறிப்போகும். அரைவயிற்றுக் கஞ்சி குடிக்கும் குழந்தையின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தை மண்ணைத் தின்னத் தொடங்கும். "மண் தின்னும் பிள்ளை" என்று நம் வீடுகளில் அதட்டி அடிக்கின்றோமே, அது குறும்பன்று, பெரும்பாலும் நோய்க்குறியாகும். அக்குழந்தை பள்ளியில் தூங்கி விழும். ஆசிரியர் மந்தம் என்பார். உண்மையில் மந்தம் மூளையிலன்று, இரத்தத்தில்.

வறுமையின் தன்மை இதில் தெளிவாகத் தெரிகின்றது. கூலி குறைவு என்பது நேரே நோயாவதில்லை. அது செருப்பில்லாமையாகி, கழிப்பிடமில்லாமையாகி, இரத்தமின்மையாகி, படிப்பின்மையாகி, மீண்டும் குறைந்த கூலியாகி வட்டமிடுகின்றது. இவ்வட்டத்தில் மருந்து புகக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. மற்ற இடங்களை மண்ணும் தண்ணீரும் ஊதியமும் பற்றிய ஏற்பாடுகளே நிரப்ப வேண்டும். நெய்யாற்றின்கரை நிலையம் மருந்தோடு கழிப்பிடத்தையும் வலியுறுத்தியதன் காரணம் இதுவே. புழுவை மட்டும் வெளியேற்றிவிட்டுக் குழந்தையை மீண்டும் அதே மண்ணில் நடக்க விட்டால் மறு ஆண்டே புழு திரும்பி வந்துவிடும்.

இனி உணவைப் பார்ப்போம். இப்பகுதியில் ஏழையின் உணவு மரச்சீனிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியைப் பெரிதும் ஊக்கினார். பஞ்சகாலத்துக்கு உகந்த பயிர் அது; மேட்டு நிலத்திலும் விளையும், மழை பொய்த்தாலும் ஓரளவு நிற்கும். 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டு, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது திருவிதாங்கூர் மக்களுள் எத்தனையோ பேரின் உயிரை இக்கிழங்கே காத்தது. அந்த 1943, 1944 ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தையும் அதனால் நேர்ந்த சத்துக்குறை நோய்களையும் ஆராய்ந்து கே. ஜி. சிவசாமியும் உடனுழைத்தோரும் 1945இல் ஒரு நூலே வெளியிட்டனர்.

ஆயின், வயிற்றை நிரப்புவது வேறு, உடலை வளர்ப்பது வேறு. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. அதே எடைக் கிழங்கில் ஒரு கிராம் அளவே உண்டு. பெரியவர்கள் கிழங்கோடு சாளை மீன் கறியைச் சேர்த்து உண்பதால் குறை ஓரளவு நிரம்புகின்றது. இந்தக் கிழங்கும் மீனும் சேர்ந்த உணவை ஏழையின் உணவென்று இகழ்வாரை நாம் ஒப்பமாட்டோம். அது அறிவு நிறைந்த சேர்க்கை. தீங்கு எங்கே வருகின்றது? கடலில் காற்றும் மழையும் மிகுந்து வள்ளம் இறங்க முடியாத ஆடி மாதத்தில் வருகின்றது. மலையாளத்தார் அதனைப் பஞ்சக் கர்க்கடகம் என்பர். அப்போது மீனும் இல்லை, கூலி வேலையும் இல்லை. கிழங்கு மட்டும் இருக்கும். காரமான மீனைத் தின்னத் தெரியாத ஒன்றரை வயதுப் பிள்ளைக்கோ எல்லா மாதமும் ஆடி மாதமே. அதன் பங்குக்கு வருவது வெந்த கிழங்கும் கஞ்சித் தண்ணீரும்தான்.

இந்த ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பற்றித் தமிழில் நெடுங்காலமாக ஒரு சொல் வழங்குகின்றது. அடுத்த கரு தங்கிவிட்டதனால் தாய்ப்பால் மறுக்கப்பட்டு, தேய்ந்து, ஓயாது அழும் குழந்தையைச் சவலைப் பிள்ளை என்கின்றோம். விந்தை யாதெனில், கடல் கடந்த ஆப்பிரிக்காவிலும் இதே பொருளில் ஒரு சொல் இருந்தது. ஜமெய்க்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்ட் நாட்டில் பணியாற்றுகையில், காலும் முகமும் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி மாண்டுபோகும் குழந்தைகளைக் கண்டார். அக்ரா நகரத்துத் தாய்மார் அந்நோயைக் "குவாஷியோர்கர்" என்றனர். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. 1933இல் நோயை விவரித்தும், 1935இல் அப்பெயரையே சூட்டியும் வில்லியம்ஸ் உலக மருத்துவர்களின் கண்ணைத் திறந்தார். நோயின் காரணத்தைச் சோதனைச்சாலையில் தேடுமுன் தாயின் வாய்ச்சொல்லில் தேடிய அவரது பண்பு, குழந்தை மருத்துவர் எவருக்கும் வழிகாட்டியாகும். அவரே 1939இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரையில், இனிப்பூட்டிய டப்பாப் பாலைக் கைக்குழந்தைக்கு உகந்ததென விளம்பரம் செய்வது கொலைக்கு ஒப்பாகும் என்று கடிந்துரைத்தார். இந்தியாவில் குழந்தைப் பால்மாவு விளம்பரத்தைத் தடை செய்யும் சட்டம் 1992இல்தான் வந்தது.

நம் நாட்டில் குன்னூரில் தொடங்கி 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய ஊட்ட ஆராய்ச்சிச் சாலையில் டாக்டர் சி. கோபாலன் இதே நோயைப் பல்லாண்டு ஆராய்ந்தார். விலையுயர்ந்த சத்துமாவு வேண்டுவதில்லை, வீட்டிலுள்ள தானியமும் பருப்பும் போதிய அளவு கிடைத்தாலே பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடும் என்பது அவர் வற்புறுத்திய உண்மை. டப்பாவை நம்பும் இந்நாளைய பெற்றோர் இதை இருமுறை படிப்பது நல்லது.

இனித் திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். எல்லையூர்களிலிருந்து நோய் முற்றிய குழந்தைகள் பாறசாலை தாலுகா மருத்துவமனை, நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனை ஆகியவற்றைக் கடந்து கடைசியாகச் சென்று சேரும் இடம் அதுவே. அரச குடும்பத்தில் பிறந்த அவிட்டம் திருநாள் என்னும் சிறுவன் 1944இல் ஆறு வயதில் இதயத்தைப் பற்றும் வாதநோயால் காலமானான். அவன் நினைவாக 1952இல் எழுந்தது இம்மருத்துவமனை. நெருக்கமான வீட்டில் ஒருவர் தொண்டைப்புண் மற்றவருக்குத் தொற்றி வரும் இந்நோயை ஏழையர் நோய் என்றே மருத்துவ நூல்கள் கூறும். பென்சிலின் எளிதாகக் கிட்டாத அக்காலத்தில் அது அரண்மனையையும் விடவில்லை. தொண்டைப்புண்ணைத் தக்க காலத்தில் பென்சிலினால் ஆற்றிவிட்டால் இதயத்துக்கு ஊறு வராது என்பது இன்று உறுதிப்பட்ட செய்தி. ஆகவே குழந்தைக்குத் தொண்டைவலியோடு காய்ச்சல் வந்து, பின்னர் மூட்டுக்கு மூட்டு வலி மாறி மாறி வந்தால், அதனை வளர்ச்சி வலியென்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது.

மருத்துவர் செய்யக்கூடியது ஊசியும் மருந்தும் மட்டும்தானா? அன்று. டேவிட் மார்லி என்னும் குழந்தை மருத்துவர் நைஜீரியாவின் சிற்றூர்களில் இருந்துகொண்டு ஓர் எளிய அட்டையை உருவாக்கினார். மாதந்தோறும் குழந்தையின் எடையை அதில் புள்ளியாக வைத்து இணைத்தால் ஒரு கோடு வரும். கோடு ஏறினால் நலம், படுத்தால் எச்சரிக்கை, இறங்கினால் ஆபத்து. எழுத்தறியாத தாயும் படிக்கக்கூடிய கோடு அது. இன்று அங்கன்வாடியில் தரப்படும் தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோடு அந்த மரபில் வந்ததே. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இருமடங்கும், ஓராண்டில் மும்மடங்கும் ஆக வேண்டும் என்பது பொது அளவு.

உடல் வளர்ச்சியோடு அறிவு வளர்ச்சியையும் அளக்க வேண்டுமென்று திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். கே. சி. நாயர் முதலியோர் முயன்றனர். 1991இல் வெளிவந்த அவர்களுடைய சோதனை அட்டவணையில் 17 இனங்களே உண்டு. தலை நிமிர்தல், உட்காருதல், நிற்றல், பொருளைக் கண்டு கை நீட்டல் முதலியவை எந்த மாதத்திற்குள் வர வேண்டும் என்பதை ஓர் அளவுகோலை அட்டவணைமேல் வைத்துச் சில நிமிடத்தில் அறியலாம். மருத்துவர்தாம் வேண்டுமென்பதில்லை, பயிற்சி பெற்ற அங்கன்வாடி ஊழியரே செய்துவிடலாம். திருவனந்தபுரத்தின் பெயரையே தாங்கிய இவ்வட்டவணை பிற மாநிலங்களிலும் பயன்படுகின்றது. வறுமைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. மூளையின் வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகின்றது. அப்போது இழந்ததை ஆறு வயதில் பள்ளிச் சோறு முழுதும் ஈடு செய்யாது. பள்ளிச் சோற்றைக் குறைத்துச் சொல்லுவதாக நேயர்கள் எண்ண வேண்டா. 1956இல் காமராசர் தொடங்கியதும் 1982இல் எம். ஜி. ஆர். விரிவாக்கியதும் ஆகிய அந்த ஏற்பாடு எத்தனையோ குழந்தைகளைப் பள்ளியில் நிறுத்தியது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளே நாம் இன்னும் ஏமாந்துகொண்டிருக்கும் காலம் என்கிறோம்.

கேரளத்தைப் பற்றி ஒரு பாராட்டு எங்கும் கேட்கின்றது. 1975இல் திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தார் ஐக்கிய நாடுகள் சபைக்காக எழுதிய ஆராய்ச்சியில், வருவாய் குறைந்த மாநிலமாயினும் இங்கே சிசு மரணம் குறைவு என்பதைக் காட்டி, பெண் கல்வி, அருகிலுள்ள மருத்துவ நிலையம், நியாய விலைக் கடை ஆகியவை அதற்குத் துணையென விளக்கினர். அப்பாராட்டு தகும். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டுக்குள் இறந்தவர் இந்தியா முழுதும் 28, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. ஆயினும் அதே காலத்துத் தேசியக் குடும்பநல ஆய்வு மற்றொன்றையும் கூறுகின்றது. 2019 முதல் 2021 வரை எடுத்த அக்கணக்கின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் கேரளத்தில் நூற்றுக்கு 23 பேர், தமிழ்நாட்டில் 25 பேர். இரத்தச்சோகை உள்ள சிறுகுழந்தைகள் கேரளத்தில் 39 விழுக்காடு, தமிழ்நாட்டில் 57 விழுக்காடு. சாவிலிருந்து காப்பாற்றினோம், வளர விட்டோமா என்பது வேறு கேள்வி. மாநிலச் சராசரி என்னும் போர்வைக்கடியில் கடற்கரைக் குடிசைகளும் மலையடிவாரக் குடியிருப்புகளும் மறைந்துவிடுவதும் உண்டு.

எல்லையூரில் மொழி ஒரு தனிச் சிக்கல். குழந்தையின் நோயைச் சொல்பவள் தாய்; அவள் சொல்லும் சொல்லிலேயே பாதி நோயறிதல் அடங்கியிருக்கின்றது. "மாந்தம்", "கணை", "சவலை", "சீர் தட்டியது" என்றெல்லாம் அவள் கூறுவன வேற்றுமொழி மருத்துவருக்கு வெறும் ஒலிகளே. பாறசாலையில் தமிழும் மலையாளமும் அடுத்த வீட்டு மொழிகளாதலின் இடர் சிறிது. புனேயிலும் சூரத்திலும் லூதியானாவிலும் உள்ள தமிழ்த் தாய்க்கு அது பேரிடர். பழைய நோய்ப் பெயர்களைச் சொல்லுவதை விட்டு, எத்தனை நாளாய், ஒரு நாளில் எத்தனை முறை, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, என்ன உண்டது என்று எண்ணிக்கையாகச் சொல்லப் பழகினால், மொழி தெரியாத மருத்துவரும் விரலெண்ணிப் புரிந்துகொள்வார்.

வயிற்றுப்போக்கில் இது உயிர் காக்கும். 1971இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, குழந்தை மருத்துவரான டாக்டர் திலீப் மகலனாபிஸ், நரம்பு வழியேற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். முப்பது விழுக்காடு அளவில் இருந்த சாவு நான்கு விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. இன்று அப்பொடிப் பொட்டலம் எந்த மாநிலத்து ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் இலவசம். பொட்டலத்தில் குறித்த அளவு நீரில், பெரிய பொட்டலமானால் ஒரு லிட்டரில், முழுதும் கலக்க வேண்டும். அரைப் பொட்டலம் அரைக் குவளை என்பது தவறு. துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுக்க வேண்டும். பேதி நின்றதும் நிறுத்திவிடலாகாது.

இடம் பெயர்ந்து வாழ்வோர் அறிய வேண்டிய உரிமைகள் சில உள. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அருகிலுள்ள அங்கன்வாடியில் உணவு இலவசம். அதில் உள்ளூர்க் குழந்தை, வெளியூர்க் குழந்தை என்னும் வேற்றுமை இல்லை. தடுப்பூசியும் அவ்வாறே. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை என்னும் ஏற்பாட்டின்படி தமிழ்நாட்டு அட்டைக்குரிய அரிசியை வேறு மாநிலத்திலும் வாங்க வழியுண்டு. ஊர் மாறும்போது பாத்திரபண்டங்களோடு தாய் சேய் நல அட்டையையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். அதிலுள்ள தடுப்பூசித் தேதிகளும் எடைப் புள்ளிகளும் எந்த மொழி மருத்துவருக்கும் விளங்கும். அங்கன்வாடியில் குழந்தையின் மேற்கையைச் சுற்றி ஒரு வண்ண நாடாவால் அளப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு அது 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்து சிவப்பைக் காட்டினால், நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நெய்யாற்றின்கரையில் தொடங்கிய கொக்கிப்புழுப் போர் இன்னும் ஓயவில்லை. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடைபெறுகின்றது. பிப்ரவரி 10ஆம் நாளும், பல மாநிலங்களில் ஆகஸ்டு 10ஆம் நாளும் இதற்கென ஒதுக்கப்பெற்றுள்ளன. ஒன்று முதல் இரண்டு வயது வரை அல்பெண்டசோல் அரை மாத்திரை. அதற்கு மேல் 19 வயது வரை முழு மாத்திரை. சிறு குழந்தைக்கு இரு கரண்டிகளுக்கிடையே நன்றாகப் பொடித்து நீரில் குழைத்துக் கொடுக்க வேண்டும். காய்ச்சலோ வேறு நோயோ உள்ள குழந்தைக்கு அன்று கொடுக்காமல், தேறிய பின், விடுபட்டோருக்காகச் சில நாள் கழித்து வைக்கும் மறு நாளில் கொடுக்கலாம்.